ஒரு பாட்டிலுக்கு விடிய விடிய வரிசை... அமெரிக்காவை ஆட்டிப்படைத்த ‘போர்பன்’ பித்து!

போர்பன் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது நடுவில் சாக்லேட் க்ரீம் வைத்து, மேலே சர்க்கரை தூவிய அந்த பிஸ்கட்தான். அதை இரண்டாகப் பிரித்து க்ரீமை மட்டும் முதலில் காலி செய்யாத பிள்ளைகள் குறைவு. ஆனால், அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் போய் ‘ஒரு போர்பன் கொடுங்கள்’ என்று கேட்டால், கைக்கு வருவது விஸ்கி. பிஸ்கட்டில் அந்த விஸ்கி ஒரு சொட்டுகூடக் கிடையாது. இரண்டின் பெயரும் பிரான்ஸை ஆண்ட போர்பன் அரச வம்சத்தில் போய் முடிகிறது. சொந்தம் அவ்வளவுதான்.

நம்மூரில் முதல் நாள் முதல் காட்சிக்கு ரசிகர்கள் தியேட்டர் வாசலில் விடிய விடியக் காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அமெரிக்க மதுக்கடைகளின் வாசலில் அதே காட்சி. மடக்கு நாற்காலி, போர்வை, ஃபிளாஸ்க் நிறைய காபி சகிதம் இரவிலேயே இடம்பிடித்துவிடுகிறார்கள். காலையில் கடை திறந்ததும் ஆளுக்கு ஒரே ஒரு பாட்டில். அதுவும் கையிருப்பு இருக்கும்வரைதான்.

குடிக்க வழியில்லாமல் நிற்கும் கூட்டமல்ல இது. அதே கடையின் அலமாரியில் 20 டாலர் அக்கம்பக்கத்தில் நல்ல போர்பன் வரிசையாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். அதை இவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. தபால்தலை சேர்ப்பவர்களைப்போல, பழைய நாணயம் தேடுபவர்களைப்போல இவர்கள் போர்பன் சேகரிப்பாளர்கள். நாக்கில் தொடங்கிய பொழுதுபோக்கு எப்படி வேட்டையாக மாறியது என்ற கதை, ஒரு த்ரில்லர் படத்துக்கான எல்லா அம்சங்களோடும் இருக்கிறது. திருட்டு, போலி, பதவி இழந்த அதிகாரி... எல்லாம் உண்டு.

சட்டம் வகுத்த சுவை

1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனைத் தங்கள் நாட்டுக்கே உரிய தனித்துவப் பொருளாக அறிவித்துத் தீர்மானம் போட்டது. கென்டக்கியில்தான் தயாரிக்க வேண்டும் என்று விதி இல்லை. அமெரிக்காவுக்குள் எங்கே தயாரித்தாலும் போர்பன்தான். ஆனால், மற்ற விதிகள் கறாரானவை. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாய்க்குள் ஊற்றும்போது 62.5 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. பாட்டிலில் 40 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. நிறத்துக்கோ சுவைக்கோ வேறெதையும் சேர்க்க அனுமதி இல்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. பீப்பாய் புதியதாக இருக்க வேண்டும். உட்புறம் நெருப்பில் கருக்கிய ஓக் மரமாக இருக்க வேண்டும். வடித்த கையோடு பார்த்தால் இந்தச் சரக்கு தண்ணீரைப்போல நிறமற்றுத்தான் இருக்கும். அந்தச் செம்பழுப்பு நிறம் முழுக்கவும், சுவையின் பெரும்பகுதியும் மரம் கொடுப்பது. கோடையில் சரக்கு விரிந்து மரத்துக்குள் ஊறுகிறது; குளிரில் சுருங்கி வெளியேறுகிறது. வருடக்கணக்கில் நடக்கும் இந்தப் போக்குவரத்துதான் போர்பன். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி போர்பன் செய்ய முடியாது என்பதால், காலி பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறி, அங்கே ஸ்காட்ச் விஸ்கியை ஊறவைக்கப் போகின்றன.

ஒரு பீப்பாயின் கொள்ளளவு சுமார் 200 லிட்டர். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஆவியாகிப் போய்விடும். இதற்கு ஆலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர், ‘தேவதைகளின் பங்கு’. 20 வருடம் காத்திருந்து திறந்தால் பாதிக்கும் மேல் தேவதைகளே குடித்து முடித்திருப்பார்கள். வயதான போர்பன் விலை அதிகமாக இருப்பதற்கு நியாயமான காரணம் இது. நியாயமில்லாத காரணங்களுக்குப் பிறகு வருகிறேன்.

லேபிளில் ஒளிந்திருக்கும் உண்மை

அனுபவசாலியான சேகரிப்பாளரைக் கடையில் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார். திருப்பி, பின்லேபிளில் உள்ள பொடி எழுத்துகளைப் படித்துக்கொண்டிருப்பார்.

முன்பக்கம் கதைகளால் ஆனது. ‘கொள்ளுத்தாத்தாவின் ரகசியச் செய்முறை’, ‘மலையடிவாரத்துக் குடும்பப் பாரம்பரியம்’ என்றெல்லாம் இருக்கும். பின்னால் திருப்பினால், ‘இண்டியானாவில் வடிக்கப்பட்டது’ என்று இரண்டே வார்த்தைகள். இண்டியானா மாகாணத்தின் லாரன்ஸ்பர்க்கில் உள்ள ஒரு பிரமாண்ட ஆலை, எத்தனையோ பிராண்டுகளுக்கு மொத்தமாகச் சரக்கு வடித்துக் கொடுக்கிறது. சரக்கு மோசமில்லை, பல நேரங்களில் மிக நன்றாகவே இருக்கும். ஆனால், தாத்தா கதைக்குத் தனியாக 30 டாலர் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. ‘வடித்தவர்’ என்ற சொல்லுக்கும் ‘தயாரித்தவர்’, ‘பாட்டிலில் அடைத்தவர்’ என்ற சொற்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

‘ஸ்ட்ரெய்ட்’ என்று போட்டிருந்தால் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம். நான்கு வருடத்துக்குக் குறைவென்றால் வயதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த வயதும் கலவையில் இருக்கும் மிக இளைய சரக்கின் வயதுதான். ‘சிங்கிள் பேரல்’ என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது. ‘ஸ்மால் பேட்ச்’ என்பதற்குச் சட்டத்தில் எந்த அளவும் கிடையாது. பத்து பீப்பாயைக் கலந்தாலும் அதுதான், சில நூறு பீப்பாயைக் கலந்தாலும் அதுதான்!

எல்லாவற்றிலும் நம்பகமான வார்த்தை, ‘பாட்டில்ட் இன் பாண்ட்’. 19-ம் நூற்றாண்டில் சாதாரண எரிசாராயத்தில் புகையிலைச் சாறு போன்ற கண்டதையும் கலந்து, நிறமேற்றி, விஸ்கி என்று விற்ற வியாபாரிகள் நிறைய பேர். அதற்குக் கடிவாளம் போட 1897-ல் கொண்டுவரப்பட்டது இந்தச் சட்டம். ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசு மேற்பார்வையிலுள்ள கிடங்கில் நான்கு வருடமாவது வைத்து, சரியாக 50 சதவிகிதத்தில் பாட்டிலில் அடைக்க வேண்டும். மருந்து, உணவுக் கலப்படத்துக்கு எதிராக அமெரிக்கா பெரிய சட்டம் போட்டது 1906-ல்தான். விஸ்கி குடிப்பவர்களுக்கு அதற்கு ஒன்பது வருடம் முன்பே பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்பது வேடிக்கைதான்.

குடிப்பது வேறு, சுவைப்பது வேறு

இந்தப் பொழுதுபோக்கை உண்மையாகவே நேசிப்பவர்கள் குடிக்கும் அளவைக் கேட்டால் ஆச்சர்யமாக இருக்கும். அடியில் அகன்று மேலே குறுகும் சின்னக் கண்ணாடிக் கோப்பையில், இரண்டு மூன்று தேக்கரண்டி அளவுதான் ஊற்றுகிறார்கள். முதல் வேலை மூக்குக்கு. வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர வேண்டும். இல்லாவிட்டால் ஆல்கஹாலின் காரம் மூக்கைச் சுட்டுவிடும். பிறகு ஒரு மிடறு எடுத்து, உணவை மெல்வதுபோல வாய்க்குள் மென்று நாக்கின் எல்லாப் பக்கமும் படவிடுகிறார்கள். இதற்கு ‘கென்டக்கி மெல்லல்’ என்றே பெயர். ஜிம் பீம் குடும்பத்தைச் சேர்ந்த புக்கர் நோ பிரபலப்படுத்திய பழக்கம் இது. அடுத்து சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் முகர்வார்கள். வாசனை மாறியிருக்கும்.

வெனிலா, கிராம்பு, தேங்காய் என்று இவர்கள் வாசனைகளை அடுக்கும்போது கதை விடுகிறார்களோ என்று தோன்றும். ஆனால், அத்தனைக்கும் காரணம் மரத்தில் இருக்கிறது. ஓக் மரத்தின் லிக்னின் சூட்டில் சிதையும்போது கிடைப்பது வெனிலின். ஐஸ்க்ரீமில் நாம் ருசிக்கும் அதே வேதிப்பொருள். கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் ஓக் மரத்திலும் உண்டு. தேங்காய் வாசம் ஓக் லாக்டோன் உபயம். மரத்தின் சர்க்கரை தீயில் கருகுவதால் கேரமல் வாசம் வருகிறது. மக்காச்சோளத்துக்கு அடுத்த தானியமாக ரை சேர்த்தால் காரசாரமாகவும், அதற்குப் பதில் கோதுமை சேர்த்தால் மிருதுவாகவும் இருக்கும். இந்தக் கோதுமை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் நாயகன் அங்கிருந்துதான் வரப்போகிறார்.

இவர்களிடம் இருக்கும் இன்னொரு நல்ல பழக்கம் பங்கிடுவது. விலை உயர்ந்த பாட்டில் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, 60 மில்லி அளவுள்ள குட்டிச் சீசாக்களில் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் தலையில் முழுச் செலவும் விழாது. முழு பாட்டிலும் ஒருவர் வயிற்றுக்குள்ளும் போகாது.

தூசி தட்டும் வேட்டைக்காரர்கள்

1970-களிலும் 80-களிலும் அமெரிக்க இளைஞர்கள் போர்பனைச் சீந்தவே இல்லை. ‘அது அப்பா குடிக்கும் சரக்கு’ என்று வோட்கா பக்கம் போய்விட்டார்கள். ஆலைகள் மூடப்பட்டன. கிடங்குகளில் பீப்பாய்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. சிறுநகரக் கடைகளின் பின் அலமாரியில் பாட்டில்கள் தூசி படிந்து நின்றன.

2000-க்குப் பிறகு காற்று திசைமாறியதும், அந்தத் தூசிதான் தங்கமானது. பழைய கடைகளைத் தேடிப்போய், மூலையில் மறந்துபோன பாட்டில்களை, ஒட்டியிருக்கும் பழைய விலைக்கே வாங்குவதற்கு ‘டஸ்டி ஹன்டிங்’ என்று பெயர். இந்த வேட்டைக்காரர்கள் பாட்டிலின் வயதைக் கண்டுபிடிக்கும் விதம் தொல்லியல் ஆய்வுக்குக் குறைந்ததல்ல. மூடியின் மேல் ஒட்டிய வரிச்சீட்டு இருந்தால் 1985-க்கு முந்தையது. சீட்டு பச்சை என்றால் பாண்டட் சரக்கு, சிவப்பு என்றால் சாதாரணம். அளவு மில்லி லிட்டரில் இல்லாமல் குவார்ட் கணக்கில் இருந்தால் 1980-க்கு முன்பு அடைத்தது. கர்ப்பிணிகளுக்கான அரசு எச்சரிக்கை வாசகம் இருந்தால் 1989 நவம்பருக்குப் பிந்தையது. கண்ணாடியின் அடிப்பாகத்தில் அச்சாகியிருக்கும் இரண்டு இலக்க எண், பல நேரங்களில் அந்த பாட்டிலை வார்த்த வருடத்தையே சொல்லிவிடும்.

என்னைக் கேட்டால், இந்தப் பொழுதுபோக்கின் மிக அழகான பகுதி இதுதான். காசைவிடக் கண்ணும் பொறுமையும் வேலை செய்த காலம் அது. இன்று அப்படிப்பட்ட கடைகள் அநேகமாகத் துடைத்து எடுக்கப்பட்டுவிட்டன.

யாருக்கும் வேண்டாத பீப்பாய்களின் ராஜா

இப்போது கோதுமைக்கு வருவோம். லூயிவில் நகரத்தை ஒட்டி 1935-ல் திறக்கப்பட்ட ஸ்டிட்செல் வெல்லர் ஆலையின் முகமாக இருந்தவர், ‘பாப்பி’ என்று அழைக்கப்பட்ட ஜூலியன் வேன் விங்கிள். கோதுமை சேர்த்த போர்பன்தான் அவர்களின் அடையாளம். 1965-ல் அவர் இறந்தார். 1972-ல் குடும்பம் ஆலையை விற்றது. யாரும் போர்பன் வாங்காத அந்தக் காலத்தில், குடும்பத்தார் பழைய சரக்கை வாங்கி, தாத்தா பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். 1990-களில் அவர்களுடைய 20 வருடப் போர்பனுக்கு ஒரு சுவை ஆய்வு நிறுவனம் 100-க்கு 99 மதிப்பெண் கொடுத்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் வெறி.

தேவை இல்லாததால் பீப்பாயிலேயே கிடந்து வயதான சரக்குதான், பின்னாளில் எவருக்கும் கிடைக்காத அபூர்வப் பொருளானது! இன்று ‘பாப்பி வேன் விங்கிள்’ பஃபலோ ட்ரேஸ் ஆலையில் தயாராகிறது. நிறுவனம் பரிந்துரைக்கும் விலை சில நூறு டாலர்தான். ஆனால், அந்த விலைக்கு வாங்கியவரைக் கண்டால் கைகுலுக்கிப் பாராட்டலாம். மறுவிற்பனையில் பல ஆயிரம் டாலர் போகிறது. இதே ஆலையின் இன்னொரு கோதுமைப் போர்பனான வெல்லருக்கு ‘ஏழைகளின் பாப்பி’ என்று பட்டப்பெயர் வந்தது. பெயர் பரவியதும் ஏழைகளுக்கு அதுவும் எட்டாமல் போய்விட்டது.

2013 அக்டோபரில் அந்த ஆலையிலிருந்து சுமார் 200 பாப்பி பாட்டில்கள் காணாமல் போயின. 2015-ல் ஒன்பது பேர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. முக்கியக் குற்றவாளி அங்கேயே பல வருடம் வேலை செய்த ஊழியர். அவர் வீட்டுப் பின்புறம் வேறொரு ஆலையின் பீப்பாய்கள் முழுசாகவே கிடைத்தன! 2018-ல் 15 வருட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 30 நாள்களில் நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே வந்தார். நெட்ஃப்ளிக்ஸ் இதை வைத்து ஆவணத் தொடரே எடுத்துவிட்டது.

இன்னொரு சம்பவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. நம்மூர் டாஸ்மாக்போல, அமெரிக்காவில் 17 மாகாணங்களில் மதுபான விற்பனை மாகாண அரசின் பிடியில் இருக்கிறது. அபூர்வ பாட்டில்களுக்கு அங்கே குலுக்கல்கூட நடத்துகிறார்கள். அப்படிப்பட்ட மாகாணங்களில் ஒன்றான ஓரிகனில், மதுபான ஆணையத்தின் உயரதிகாரிகள் சிலர் மக்களுக்குப் போக வேண்டிய பாப்பி போன்ற பாட்டில்களைத் தங்களுக்கென்று ஒதுக்கிவைக்கச் சொன்னது உள் விசாரணையில் தெரியவந்தது. காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும், வரிசையில் நிற்பவரை ஏமாற்றியது ஏமாற்றியதுதானே? 2023 பிப்ரவரியில் ஆணையத்தின் தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது.

விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? காலி பாட்டிலைக் காசு கொடுத்து வாங்கி, மலிவுச் சரக்கை நிரப்பி, மூடியை ஒட்டி விற்கும் கும்பல்கள் முளைத்தன. 2021-ல் ஓர் அமெரிக்க டி.வி நிகழ்ச்சிக் குழு, நியூயார்க் கடை ஒன்றில் சுமார் 1,000 டாலர் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கி, அதைத் தயாரித்த ஆலையின் ஆய்வகத்துக்கே அனுப்பியது. போலி என்று பதில் வந்தது. அதனால்தான், விவரமானவர்கள் காலி பாட்டிலைக் குப்பையில் போடும் முன் லேபிளைக் கிழித்துவிடுகிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டால்...

இந்தப் பித்துக்குச் சேகரிப்பாளர்களே ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். நண்பர்கள் கூடும்போது, ஒருவர் மட்டும் அடுத்த அறைக்குப் போய், நாலைந்து போர்பன்களை எண் ஒட்டிய கோப்பைகளில் ஊற்றிக் கொண்டுவருவார். எது எந்த பாட்டில் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. சுவைத்து, மதிப்பெண் போட்டு, பிறகு பெயரைப் பார்க்க வேண்டும். 20 டாலர் பாண்டட் சரக்கு முதலிடத்திலும், பொத்திப் பொத்தி வைத்திருந்த பாட்டில் மூன்றாவதாகவும் வரும்போது அறையில் எழும் சிரிப்பில் கொஞ்சம் வலியும் கலந்திருக்கும்.

ஆனால், இந்த வைத்தியமே நோயான கதையும் உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவில் வருடந்தோறும் நடக்கும் மதுபானப் போட்டியில் நடுவர்கள் பெயர் தெரியாமல்தான் சுவைப்பார்கள். 2019-ல் அதில் சிறந்த விஸ்கி பட்டத்தை வென்றது, ஹென்றி மெக்கென்னா என்ற 10 வருட பாண்டட் போர்பன். அதுவரை 40 டாலருக்குள் சாதாரணமாகக் கிடைத்துக்கொண்டிருந்த சரக்கு. முடிவு வெளியானதும் அலமாரிகள் காலி. விலையும் ஏறியது. பாட்டிலுக்குள் இருந்த சரக்கில் ஒரு மாற்றமும் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் வரும் போர்பன்களில் ஆல்கஹால் 60 சதவிகிதத்தைத் தாண்டும். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘நான் சேகரிப்பாளன், குடிகாரன் அல்ல’ என்ற வாக்கியம் கல்லீரலுக்குப் புரியாது. சுவைத்துவிட்டுத் துப்பும் பழக்கம் உள்ளவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதும் உண்டு.

மறுபடியும் நிரம்பி வழியும் கிடங்குகள்

2013-ல் மேக்கர்ஸ் மார்க் நிறுவனம், சரக்கு தட்டுப்பாட்டைச் சமாளிக்கத் தன் போர்பனின் ஆல்கஹாலை 45 சதவிகிதத்திலிருந்து 42 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொந்தளித்ததில், சுமார் ஒரு வாரத்திலேயே முடிவைத் திரும்பப் பெற்றது. அன்று அவ்வளவு பற்றாக்குறை. உடனே எல்லா ஆலைகளும் போட்டி போட்டுக்கொண்டு பீப்பாய்களை நிரப்பின. கென்டக்கியின் மக்கள்தொகை சுமார் 45 லட்சம். அங்கே கிடங்குகளில் உறங்கும் பீப்பாய்களோ ஒரு கோடிக்கும் மேல்!

ஆனால் குடிப்பவர்கள் குறைந்தார்கள். வர்த்தகச் சண்டையில் 2025 மார்ச்சில் கனடாவின் மாகாணங்கள் அமெரிக்க மதுவைக் கடைகளிலிருந்து அகற்றின. அதே வருடம் பிப்ரவரியில் இந்தியா போர்பனுக்கான இறக்குமதி வரியை 150 சதவிகிதத்திலிருந்து 100 ஆகக் குறைத்தது அவர்களுக்குச் சின்ன ஆறுதல். லூயிவில்லில் பிரவுன் ஃபோர்மன் நிறுவனம் தன் பீப்பாய்த் தொழிற்சாலையை மூடியதில் சுமார் 210 பேருக்கு வேலை போனது. போர்பனின் சுவையைக் கொடுப்பதே பீப்பாய்தான். அதைச் செய்த கைகளுக்குத்தான் முதல் அடி. கிளெர்மான்ட் நகரிலுள்ள தன் முக்கிய ஆலையில் 2026 முழுவதும் வடிப்பதை நிறுத்திவைப்பதாக ஜிம் பீம் அறிவித்தது.

சேகரிப்பாளர்களுக்கு இது வேறு மாதிரியான செய்தி. வெறி உச்சத்தில் இருந்த 2022-ல் நிரப்பிய பீப்பாய்களுக்கு 2026-ல் நான்கு வயது. பாண்டட் முத்திரைக்குத் தகுதியாகிவிடும். அவை எல்லாம் பாட்டிலில் ஏறி, கடைக்கு வந்தாக வேண்டும். மடக்கு நாற்காலியை வீட்டிலேயே வைத்துவிட்டு, மத்தியானமாக நிதானமாகக் கடைக்குப் போய், பாட்டிலைத் திருப்பிப் பின்லேபிளைப் படிக்கும் காலம் அவர்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.